அடைமழைக்குப் பின் வானொலி ஏரியல்: பழுதைக் கண்டறிந்து சீர்செய்யும் முறைகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், ரேடியோ முன்போல் கேட்கவில்லை என்ற குறை கிராமங்களில் எழுவது வழக்கம். புரட்டாசி வரை தெளிவாகக் கேட்ட நிலையம் இரைச்சலுக்குள் மறைந்துபோகும். காற்று வீசும்போதெல்லாம் குரல் விட்டுவிட்டு வரும். காலைப் பனியில் கரகரப்பாக இருந்து, வெயில் ஏறியதும் தானே தெளிவடைவதும் உண்டு. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அதை டவுனுக்கு எடுத்துச் சென்று செலவு செய்கின்றனர். ஆனால் பல வேளைகளில் பழுது பெட்டியில் இருப்பதில்லை. மூன்று மாத மழையையும் காற்றையும் தாங்கி நின்ற ஏரியல் கம்பியிலும் அதன் இணைப்புகளிலுமே இருக்கிறது. அதை வீட்டிலேயே கண்டறிந்து சரிசெய்துவிடலாம்.

இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் செய்வது அவசியம். மழை முடிந்துவிட்டது என்று விவசாயி நிம்மதி அடையும் நேரத்தில்தான் சம்பாப் பயிர் அறுவடைக்கு வருகிறது. 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தப்பிப் பெய்த மழை காவிரி டெல்டாவில் முற்றிய நெல்லைச் சாய்த்தது. அறுவடையை முன்கூட்டிச் செய்வதா, களத்தில் கிடக்கும் நெல்லை மூடுவதா, வயலில் நீர் வடிய வாய்க்கால் வெட்டுவதா என்ற முடிவுகளுக்கு ஒரு நாள் முன்னதாகக் கிடைக்கும் வானிலைச் செய்தியும் பெரும் உதவியாகும்.

இன்று கைபேசியிலேயே இச்செய்திகள் வந்துவிடுகின்றனவே என்று கேட்கலாம். சாதாரண நாட்களில் அது உண்மையே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லாதபோது கைபேசிக்குச் சார்ஜ் இல்லை. கோபுரங்களும் வேலை செய்வதில்லை. அந்த நேரத்தில் இரண்டு பாட்டரி செல்லில் ஓடும் ரேடியோ ஒன்றுதான் வெளியுலகச் செய்தியைக் கொண்டுவரும். அதுவும் ஏரியல் ஒழுங்காக இருந்தால்தான்.

வானொலிக்கும் தமிழக விவசாயிக்கும் உள்ள உறவு பழையது. 1966-இல் அகில இந்திய வானொலி பண்ணை இல்ல ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வானொலி மூலமே விவசாயிகளிடம் பரவியதால், அதன் பெயரே 'ரேடியோ நெல்' என்றாயிற்று. அவ்வளவு பயன் தந்த கருவி, ஒரு துண்டுக் கம்பியில் ஏறிய களிம்பினால் ஊமையாகிக் கிடப்பது வீண் இழப்பாகும்.

மூவகைப் பழுதுகள்

ஏரியலில் திரளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. மடையிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலுடன் ஏரியலை ஒப்பிடலாம். வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் நீர் வந்து சேராது. கரையில் கசிவு இருந்தால் நீர் வழியிலேயே வீணாகும். சாக்கடை கலந்தால் நீர் கலங்கிவிடும். அதுபோலவே ஏரியலிலும் மூவகைப் பழுதுகள் உண்டு.

அடைப்பு என்பது கம்பி அறுந்துபோவதும், இணைப்புகளில் களிம்பு ஏறுவதும் ஆகும். கசிவு என்பது ஈரமான பீங்கான், மரக்கிளை, சுவர் ஆகியவற்றின் வழியாக அலையின் சக்தி பூமிக்கு இறங்கிவிடுவது. கலங்கல் என்பது மின்கம்பி, மோட்டார், விளக்கு முதலியவற்றிலிருந்து வரும் இரைச்சல். இம்மூன்றில் எது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

முதலில் பாதுகாப்பு

எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் கீழ்க்கண்டவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

இடிமுழக்கம் காதில் விழும் நாளில் ஏரியலைத் தொடக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது கழிந்த பிறகே வெளியே வேலை செய்யலாம்.

புயலில் அறுந்த மின்கம்பி எதுவும் ஏரியல் மீதோ, அதைத் தாங்கும் மரத்தின் மீதோ, வேலியின் மீதோ கிடக்கிறதா என்று தரையில் நின்றபடி தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். அவ்வாறு கிடந்தால் அருகில் செல்லாமலும் பிறரைச் செல்ல விடாமலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை என்பதை நம்பிக் கம்பியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. கழியால் தள்ளுவதும், ரப்பர் செருப்பு அணிந்திருக்கிறோம் என்று துணிவதும் கூடாது.

ஈரமான மரத்திலும், ஓட்டுக் கூரையிலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் ஏறக்கூடாது. கம்பத்தை இறக்கும் வேலைக்கு இருவராவது இருத்தல் வேண்டும். ஏரியல் கம்பி மின்கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ குறுக்கே போகக் கூடாது. முன்பே அப்படிக் கட்டப்பட்டிருந்தால், அதைச் சீர்செய்ய முயல வேண்டாம். மின்வாரிய ஊழியரைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அதனை அகற்ற வேண்டும்.

நிலையமா, பெட்டியா, ஏரியலா?

ஒரு நிலையம் கேட்கவில்லை என்றால் அந்த நிலையம் ஒலிபரப்புகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெட்டியில் அதே நேரத்தில் அதே நிலையத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நாட்டில் சில மத்திய அலை ஒலிபரப்பிகள் அண்மை ஆண்டுகளில் நிறுத்தப்பட்டுள்ளன. எனவே தங்கள் பகுதி நிலையம் இப்போது எந்த அலையில் கிடைக்கிறது என்பதை விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

சோதனையை நண்பகலில் செய்ய வேண்டும். மத்திய அலை இரவில் வானத்தின் மேலடுக்குகளில் பட்டுத் திரும்பி வெகு தூரம் செல்லும். அதனால் தொலைதூர நிலையங்கள் இரவில் வந்து கலந்து, உள்ளூர் நிலையத்தைக் குழப்பும். இது ஏரியலின் பழுது அன்று. பகலில் கேட்கும் நிலையை வைத்தே ஏரியலை மதிப்பிட வேண்டும்.

அடுத்து, பாட்டரி செல்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் செல்கள் கசிந்து, அவை தொடும் தகடுகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிவு ஏறியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, புதிய செல்களைப் போட வேண்டும். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடுதல் கூடாது.

இப்போது முக்கியமான சோதனைக்கு வரலாம். பெட்டியை ஓடவிட்டு, ஏரியல் இணைப்பைக் கழற்றி மீண்டும் செருக வேண்டும். நல்ல ஏரியலாக இருந்தால் செருகும்போது 'டக்' என்ற ஒலியும், உடனே குரல் உயர்வதும் கேட்கும். செருகினாலும் கழற்றினாலும் வேறுபாடே இல்லை என்றால், ஏரியல் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு ஐந்து மீட்டர் நீளமுள்ள சாதாரண ஒயர் ஒன்றை அதே இடத்தில் இணைத்து, ஜன்னல் வழியாக வெளியே கொண்டுபோய் உலர்ந்த கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். இந்தத் தற்காலிக ஒயரில் நிலையம் நன்றாகக் கேட்டால் பெட்டி நலமாக உள்ளது, பழுது ஏரியலில்தான். இதிலும் கேட்கவில்லை என்றால் மட்டுமே பெட்டியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனை, வீண் அலைச்சலையும் செலவையும் தவிர்க்கும்.

இரைச்சலின் ஊற்றைக் கண்டறிதல்

குரல் போதிய அளவு வந்தும் இரைச்சல் மிகுந்திருந்தால் அது கலங்கல் வகையைச் சேர்ந்தது. ரேடியோவைப் பாட்டரியில் ஓடவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். இரைச்சல் நின்றால் அதன் ஊற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெயினைப் போட்டு, எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வர்ட்டர், தொலைக்காட்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

மெயினை நிறுத்திய பிறகும் இரைச்சல் தொடர்ந்தால், கையடக்க ரேடியோவை மத்திய அலையில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். இரைச்சலின் ஊற்றை நெருங்க நெருங்க ஒலி கூடும். ஒலியின் தன்மையே பல செய்திகளைச் சொல்லும். விநாடிக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று கேட்டால் அது சூரிய மின்வேலியிலிருந்து வருவது. வேலிக் கம்பியில் மழைக்குப் பின் வளர்ந்த புல்லோ கொடியோ உரசிப் பொறி பறக்கிறது என்பதற்கு அது அடையாளம். பகலில் மட்டும், பம்பு ஓடும்போது சீழ்க்கை போலக் கேட்டால், சூரிய ஒளிப் பம்புசெட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கவனிக்க வேண்டும். மின்கம்பிப் பாதையை ஒட்டிச் செல்லும்போது 'உர்' என்ற தொடர் கரகரப்பு வலுத்தால், கம்பியில் கிளை உரசுவதோ, கம்பத்துப் பீங்கானில் விரிசல் இருப்பதோ காரணமாகலாம். அந்தக் கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்குத் தெரிவிப்பது ரேடியோவுக்காக மட்டுமல்ல. அவ்வழியே நடக்கும் மனிதருக்கும் மாட்டுக்கும் அது பாதுகாப்பு.

ஏரியலின் உடலைச் சோதித்தல்

தற்காலிக ஒயர்ச் சோதனையில் ஏரியலே பழுது என்று தெரிந்தால், பெட்டியிலிருந்து தொடங்கிக் கம்பியின் மறுமுனை வரை முறையாகப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். அங்கொன்று இங்கொன்றாகப் பார்ப்பதால் நேரம்தான் வீணாகும்.

பெட்டியில் செருகும் பின், சுவருக்குள் நுழையும் இடம், இறக்குக் கம்பி கிடைக் கம்பியுடன் சேரும் முடிச்சு, இரு முனைகளிலும் உள்ள பீங்கான்கள், அவற்றைக் கட்டியுள்ள கயிறு என்ற வரிசையில் செல்வது எளிது. மழைக்குப் பின் பழுது அதிகம் காணப்படுவது இறக்குக் கம்பியின் முடிச்சில்தான். முறுக்கி மட்டும் கட்டப்பட்ட செம்புக் கம்பிகளுக்கு இடையே நீர் இறங்கிப் பச்சைக் களிம்பு ஏறும். பார்வைக்குக் கம்பி சேர்ந்திருக்கும். ஆனால் மின்னோட்டம் செல்லாது. காற்றில் முடிச்சு அசையும்போது குரல் விட்டுவிட்டு வருவதற்கு இதுவே காரணம்.

உறை போட்ட ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் வெளியே தெரியாது. ஏரியலை இறக்கி, டார்ச் விளக்குப் பல்பு ஒன்றையும் இரண்டு செல்களையும் கொண்டு சோதிக்கலாம். செல், பல்பு, ஏரியலின் ஒரு முனை, மறு முனை என்று வட்டமாக இணைத்தால் பல்பு எரிய வேண்டும். ஒயரை அடிக்கு அடி வளைத்துப் பார்க்கும்போது பல்பு மினுக்கினால் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டர் உள்ளவர்கள் அதைக்கொண்டு இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்.

கசிவைப் பார்க்க, ஏரியலைக் கட்டிய நிலையிலேயே பெட்டியிலிருந்து கழற்றி, ஏரியல் முனைக்கும் எர்த் கம்பிக்கும் இடையே மீட்டரை ஓம் அளவின் உச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முள்ளோ எண்ணோ அசையாமல் இருந்தால் கசிவு இல்லை. பனி ஈரமுள்ள காலையில் அசைந்து, வெயிலில் நின்றுவிட்டால் பீங்கானில் அழுக்கு படிந்துள்ளது அல்லது ஈர இலை உரசுகிறது என்று கொள்ளலாம்.

இணைப்புகளைப் புதுப்பித்தல்

களிம்பேறிய முடிச்சை அவிழ்த்து, கம்பிகளை உப்புத்தாளால் செம்பு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். களிம்பு வெகு நீளம் பரவிக் கம்பி கறுத்திருந்தால், நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டி எறிவதே சிறந்தது. பிறகு ஒன்றன்மேல் ஒன்று இறுக முறுக்கி, ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். பற்றுவதற்குக் குங்கிலியப் பசையுள்ள ஈயக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். தகரக் கொல்லர் பயன்படுத்தும் திராவகத்தைத் தடவினால் அது உள்ளேயே தங்கிக் கம்பியை அரித்துவிடும். பற்றிய இடத்தை ரப்பர் டேப்பால், கூரை ஓடு அடுக்குவது போலக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைநீர் உள்ளே இறங்காது.

செம்புக் கம்பியை அலுமினியத்துடனோ துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியுடனோ நேரடியாக முறுக்கக் கூடாது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேரும்போது ஒன்று மற்றொன்றை அரித்துவிடும். அடுத்த மழைக்குள் அந்த இணைப்பு மீண்டும் பழுதாகும். முழுதும் செம்பாகவே இருப்பதும், கிடைக் கம்பியும் இறக்குக் கம்பியும் முடிச்சே இல்லாத ஒரே கம்பியாக இருப்பதும் மிகச் சிறந்தது.

நாகப்பட்டினம், கடலூர், இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் வரும் உப்பு பீங்கான் மீது மெல்லிய படலமாகப் படியும். இரவுப் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகி மின்னோட்டத்தைக் கசியவிடும். காலையில் கரகரப்பும் பகலில் தெளிவும் உண்டாவதற்கு இதுவே காரணம். பீங்கானை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தப் பீங்கானை மாற்றிவிட வேண்டும்.

கம்பமும் கயிறும்

சவுக்குக் கம்பமும் மூங்கிலும் தரை மட்டத்தில்தான் முதலில் மக்கும். மண்ணை ஒரு சாண் ஆழம் தோண்டி, கத்தி நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். கத்தி மிருதுவாக இறங்கினால் கம்பத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. கறையான் ஏறியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். புதிய கம்பம் நடும்போது, அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் நட வேண்டும். கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவாவது விட வேண்டும்.

தென்னை மரத்தில் கட்டிய ஏரியல் காற்றில் அறுந்துபோவது சகஜம். மரம் ஆடும், கம்பி நீளாது. எனவே மரத்தின் பக்கத்துக் கயிற்றைச் சிறு கப்பி ஒன்றின் வழியாக விட்டு, அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடலாம். மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும்; கம்பிக்கு இழுப்பு வராது. புயலில் சாய்ந்து நிற்கும் மரத்தில் ஏரியல் கட்டவே கூடாது.

எர்த் இணைப்பு

ஏரியலைக் கவனிப்பவர்கள் எர்த்தை மறந்துவிடுகின்றனர். வெள்ளம் வடிந்த இடங்களில் எர்த் குழாயைச் சுற்றிய மண் அரித்துப் போயிருக்கலாம். குழாயில் கம்பியைப் பிடித்துள்ள பட்டையும் துருப்பிடித்திருக்கும். பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். புதிதாக அமைப்பவர்கள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, எப்போதும் ஈரமிருக்கும் இடத்தில் கரியும் உப்பும் இட்டுப் புதைக்கலாம். சமையல் எரிவாயுக் குழாயையோ, மின்கம்பத்தின் இழுவைக் கம்பியையோ எர்த்தாகப் பயன்படுத்துவது பேராபத்து.

ஏரியல் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், தாழ்வாரத்துச் சுவரின் வெளிப்புறம், இருவழிக் கத்தி சுவிட்சு ஒன்றைப் பொருத்துவது அவசியம். அதை ஒரு பக்கம் தள்ளினால் ஏரியல் பெட்டியுடன் சேரும். மறுபக்கம் தள்ளினால் நேரே பூமிக்குப் போகும். வானம் கறுக்கும்போதே அதைப் பூமிப் பக்கம் தள்ளிவிட வேண்டும். மின்னல் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகக்கூடாது. இந்தச் சுவிட்சு ஏரியலில் தேங்கும் மின்சாரத்தை இறக்கும். ஆனால் நேரடியாக விழும் இடியை எந்தச் சுவிட்சும் தடுக்காது. கம்பி சுவருக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறி நுழையுமாறு விட்டால், மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

சிறிய டிரான்சிஸ்டர் பெட்டிகள்

இன்று பெரும்பாலான பெட்டிகளில் ஏரியல், எர்த் துளைகள் இருப்பதில்லை. இவற்றில் மத்திய அலையைப் பெறுவது உள்ளே இருக்கும் பெரைட் என்ற கரிய குச்சிதான். வெளியே நீளும் உலோகக் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டுமே. மத்திய அலை நிலையத்துக்காக அதை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. அதற்குப் பதில் பெட்டியை மெல்லத் திருப்ப வேண்டும். குச்சியின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருக்கும்போது குரல் ஓங்கும்; நுனி நோக்கியிருக்கும்போது தாழும். இரைச்சல் வரும் திசையை நோக்கிக் குச்சியின் நுனியைத் திருப்பினால் இரைச்சல் அடங்குவதும் உண்டு.

நிலையம் தொலைவில் உள்ளவர்கள், உறை போட்ட ஒயரைப் பெட்டியின் மீது குச்சி இருக்கும் பக்கமாக எட்டு அல்லது பத்துச் சுற்றுகள் சுற்றி, ஒரு முனையை வெளி ஏரியலிலும் மறு முனையை எர்த்திலும் இணைக்கலாம். பெட்டியைத் திறக்காமலேயே ஏரியலின் பயன் கிடைக்கும். வெளி ஏரியலுக்கு 10 முதல் 20 மீட்டர் நீளமும், 6 மீட்டருக்குக் குறையாத உயரமும் போதுமானவை.

பண்பலை ஏரியல்

பண்பலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர்தான். இங்கு நீண்ட கம்பி பயன் தராது. சரியான அளவே பயன் தரும். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகா ஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நிலையத்தைப் பெற, ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு குழாய்களை ஒரே நேர்கோட்டில் வைத்து, நடுவில் சிறு இடைவெளி விட்டு, அங்கே இரு கம்பிகளையும் இணைக்க வேண்டும். வேறு நிலையத்துக்கு 71.3 என்ற எண்ணை அதன் மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால், ஒரு குழாயின் நீளம் மீட்டரில் கிடைக்கும். கிடையாகவும் நிமிர்த்தியும் திருப்பிப் பார்த்து, நன்றாகக் கேட்கும் நிலையில் நிறுத்த வேண்டும். பண்பலைக்கு நீளத்தைவிட உயரமே முக்கியம். இடையில் குன்றோ அடர்ந்த தோப்போ இருந்தால் குரல் குன்றும்.

மழைக்குப் பின் இதில் வரும் பழுது இருவகை. அலுமினியக் குழாயின் திருகில் வெண்பொடி படிந்தால் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். கேபிளுக்குள் நீர் இறங்கியிருந்தால் உள்ளே உள்ள செம்பு கறுத்திருக்கும். அதைக் காயவைத்துப் பயனில்லை. கருமை தீரும் வரை வெட்டி எடுக்க வேண்டும் அல்லது கேபிளையே மாற்ற வேண்டும். புதுக் கேபிளின் மேல் முனையை நீர் புகாமல் அடைத்துவிடுவது நலம்.

இடியை முன்னறிவிக்கும் பெட்டி

சீராக வேலை செய்யும் மத்திய அலை ரேடியோ இன்னொரு நன்மையும் செய்யும். தொலைவில் மின்னல் வெட்டும்போதெல்லாம் அதில் 'படார்' என்ற வெடிப்பொலி கேட்கும். வானம் தெளிவாகத் தோன்றினாலும், இந்த ஒலி அடிக்கடியும் வரவர உரத்தும் கேட்டால் இடிமழை நெருங்குகிறது என்று அறியலாம். திறந்த வயலில் நாற்று நடுபவர்களும், மாடு மேய்ப்பவர்களும், தனி மரத்தடியில் ஒதுங்காமல், நேரத்தோடு கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கழனியில் இடி விழுந்து ஆண்டுதோறும் உயிர்கள் போகும் நாட்டில் இது சிறிய உதவியன்று.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பெட்டியைப் பழிக்கும் முன் ஐந்து மீட்டர் தற்காலிக ஒயரில் கேட்டுப் பார்க்கவும்.
2. நண்பகலில், ஒரே நிலையத்தை வைத்துச் சோதிக்கவும்.
3. மெயின் சுவிட்சை நிறுத்தி, இரைச்சல் உள்ளேயா வெளியேயா என அறியவும்.
4. காற்றில் விட்டுவிட்டுக் கேட்டால் முடிச்சையும், பனியில் கரகரத்தால் பீங்கானையும் பார்க்கவும்.
5. களிம்பைத் தேய்த்து, ஈயம் பற்றி, டேப் சுற்றவும்.
6. எர்த் பட்டையின் துருவை நீக்கவும்.
7. மின்கம்பிக்கு அருகிலும், இடி நேரத்திலும் ஏரியலைத் தொட வேண்டாம்.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களிலேயே ஏரியலையும் ஒருமுறை இறக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அடுத்த பருவமழைக்கு முன், ஆவணியிலோ புரட்டாசியிலோ மறுமுறை பார்த்து, நான்கு புதிய செல்களை நீர் புகாத டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். சிறிது உப்புத்தாளும், ஒரு சுருள் டேப்பும், அரை நாள் உழைப்பும் போதும். அடுத்து வரும் புயல் இரவில், வீட்டில் விளக்கு அணைந்தாலும் செய்தி வந்துகொண்டிருக்கும்.